கட்டுப்போட்ட கால்கள்

அந்தப் புதன்கிழமை காலை பத்மாவதி சாறியைச் சரிசெய்துகொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது, ஜெகதீஸ்வரி கைப்பையை மடியில் வைத்தபடி முன்கூடத்துக் கதிரையில் வெளிக்கிட்டு இருந்தாள்.

"நானும் வாறன்," என்றாள். "ஊசி போட்டிட்டுத் தனிய பஸ்ஸில வரக்கூடாது."

அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசி நான்கு நாளாகியிருந்தது.

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில்தான் அது நடந்தது. கால் நரம்புகளுக்கு ஊசி போடப் போவதாகப் பத்மாவதி கணவன் தில்லைநாதனிடம் சொன்னாள். அவர் வாய் திறக்க முதல், அவருடைய அக்கா ஜெகதீஸ்வரி சம்பலை நகர்த்தி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அங்க சனம் காலில்லாமல் கிடக்குது. இஞ்ச காலுக்கு வடிவு பாக்க ஊசியோ?"

பத்மாவதி பாதிச் சாப்பாட்டில் எழும்பிவிட்டாள். தில்லைநாதன் அக்காவையும் கண்டிக்கவில்லை, மனைவியையும் தேற்றவில்லை. பத்திரிகையை எடுத்து விரித்துக்கொண்டார்.

ஜெகதீஸ்வரி அப்படிச் சொல்ல உரிமையுள்ளவள் என்பதுதான் பத்மாவதியைக் கூடுதலாகச் சுட்டது. சுன்னாகத்தில் இருபத்தேழு வருஷம் தையல் ரீச்சராக இருந்தவள். கணவன் இளவயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றைந்து ஒக்டோபரில் ஆமி முன்னேற, யாழ்ப்பாணமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தபோது, ஒரு பையோடு அவளும் நடந்தாள். சாவகச்சேரி, கிளிநொச்சி, பிறகு வவுனியா முகாம். வெளியேறும் பாஸ் கிடைத்துக் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து ஏழு மாதம். பத்மாவதியின் மகன் கனடாவுக்குப் போனபின் வெறுமையாகக் கிடந்த அறை அவளுக்கு ஒழுங்காயிற்று.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. பத்மாவதி கழுவி வைத்த பாத்திரத்தைத் திரும்பக் கழுவுவாள். மடித்த துணியை அவிழ்த்துத் தன் மடிப்பில் மடிப்பாள். 'இவ எப்ப போவா' என்று பத்மாவதி நினைத்ததுண்டு. ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இரண்டு அறை உள்ள வீட்டில் சொல்லாத சொல்லும் காதில் விழும்.

"சரி மச்சாள், வாங்கோ," என்றாள் பத்மாவதி.

கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஒரே ஆசனத்தில் இருந்தார்கள். காலி வீதியில் கடற்காற்று யன்னலால் வந்தது. பத்மாவதி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பம்பலப்பிட்டியில் பெண்கள் பாடசாலையொன்றில் அவள் கணித ஆசிரியை. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் கால்கள். மகன் பிறந்த பிறகுதான் முழங்காலுக்குக் கீழே முதல் நூல் ஓடியது. சிவப்பாக, மெல்லியதாக. இப்போது கணுக்கால் முதல் முழங்கால் வரை ஊதாவும் சிவப்புமாகச் சிலந்தி வலை. பின்னேரங்களில் எரியும். எரிவைத் தாங்கலாம், அது உண்மை. தாங்க முடியாதது வேறொன்று.

ஒவ்வொரு வருஷமும் ஆசிரியைகள் எல்லோரும் கல்கிசைக் கடற்கரைக்குப் போவார்கள். சாறியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய ரீச்சர்மார்கூடச் சின்னப் பிள்ளைகளாட்டம் அலைக்குள் நிற்பார்கள். பத்மாவதி மணலில் எல்லோருடைய கைப்பைகளுக்கும் காவல் இருப்பாள். தடிமன் பிடித்திருக்கிறது என்பாள். அடுத்த வருஷமும் தடிமன்தான்.

நாற்பத்தாறு வயதில், நாடு இப்படிக் கிடக்கும் நேரத்தில், ஒரு பெண் கடலில் கால் வைக்க ஆசைப்படலாமா? இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. எரிவு என்றுதான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, 'வடிவு பாக்க' என்ற சொல் அவ்வளவு ஆழமாகப் போயிற்று.

டொக்டர் புளோறன்ஸின் கிளினிக், தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள வீதியில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதி. டொக்டர் வர ஒரு மணித்தியாலம் செல்லுமென்று நேர்ஸ் சொன்னாள். ஜெகதீஸ்வரி எழும்பி, பக்கத்தில் ஒரு அலுவல் இருக்கிறது, வந்துவிடுகிறேன் என்று போனாள். கோயிலாக்கும் என்று பத்மாவதி நினைத்தாள். முக்கால் மணித்தியாலம் கழித்து ஜெகதீஸ்வரி வியர்த்து வழியத் திரும்பி வந்தாள்.

டொக்டருக்கு அறுபது வயதிருக்கும். இங்கிலாந்தில் படித்தவர், ஆனால் கொட்டாஞ்சேனைப் பேச்சு மாறவில்லை. பத்மாவதியை நிற்க வைத்துப் பார்த்தார், பிறகு படுக்க வைத்துப் பார்த்தார். பெரிய நரம்பில் பழுதில்லை, மேல்நரம்புகள்தான் என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பத்மாவதி கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் மூலையில் இருந்த ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"ஊசி போட்ட உடன போயிடுமோ, டொக்டர்?"

"உடன போகாது. முதல்ல இதைவிட வடிவில்லாமல்தான் இருக்கும்." டொக்டர் ஒளிக்காமல் பேசினார். "ஊசி போட்ட இடம் நுளம்பு கடிச்ச மாதிரித் தடிக்கும், அது ஒரு நாளில வத்தும். பிறகு கண்டி நீலமாப் போகும். சில இடத்தில மண்ணிறமாத் தழும்பு நிக்கும், அது மங்க மாதக்கணக்காகும். ஒருக்காப் போட்டுக் காணாது. ஆறு கிழமை விட்டு இன்னும் ரெண்டு மூண்டு தரம் வரவேணும்."

"போனது திரும்ப வராதோ?"

"மூடின நரம்பு வராது. வேற இடத்தில புதுசு வரலாம். முழுக்கத் துடைச்ச மாதிரி இருக்குமெண்டு நான் சொல்லமாட்டன். முக்காவாசி குறையும்."

ஜெகதீஸ்வரி தலையாட்டினாள். தையல் வகுப்பில் ஒரு பிள்ளையின் பதிலைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும் தலையாட்டல்.

ஊசி தலைமயிர் போல மெல்லியது. குத்துவது தெரியவில்லை. மருந்து உள்ளே போகும்போதுதான் எரிந்தது. இரண்டு இடங்களில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பத்மாவதி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு தடவை தலையைத் திருப்பியபோது, ஜெகதீஸ்வரி கதிரையை நகர்த்திக் கட்டிலருகே வந்திருந்தாள். மருந்து போகப் போக ஊதா நூல் வெளிறி மறைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாவதியின் வெறுங்கால்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இருபத்தைந்து ஊசிக்கு மேல் போயிருக்கும். பஞ்சு வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு காலுக்கும் இறுக்கமாக பண்டேஜ் சுற்றினார்கள்.

"மூண்டு நாளைக்கு அவிழ்க்கக்கூடாது. ஒரே இடத்தில நிக்கக்கூடாது. படுத்துக் கிடக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ. சுடுதண்ணி ஊத்தவேண்டாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ, விடியட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ." பிறகு டொக்டர் ஒரு தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். "இதைக் கையில வச்சிருங்கோ. இந்த நாளையில கட்டோட தெருவில போறதெண்டால் கடிதம் வேணும்."

அந்தக் கடிதம் தேவைப்பட அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

துறைமுகப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நேரம் பன்னிரண்டரை. வெயில் உச்சியில் நின்றது. வரிசை நகரவில்லை. ஒரே இடத்தில் நிற்கக்கூடாதென்று டொக்டர் சொன்னது நினைவு வந்து, பத்மாவதி நின்ற இடத்திலேயே குதியைத் தூக்கித் தூக்கி வைத்தாள். வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற சார்ஜன்ட் அதைக் கவனித்தான்.

துணி மறைப்புக்குள் பொலிஸ்காரி தடவிக்கொண்டே வந்து முழங்காலுக்குக் கீழே கையை நிறுத்தினாள்.

"மே மொகத?"

இது என்ன என்ற கேள்விக்குப் பத்மாவதி நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். கடிதத்தையும் நீட்டினாள். பொலிஸ்காரி கடிதத்தைப் புரட்டிப் பார்த்தாள், வாசிக்கவில்லை. மறைப்பை விலக்கிச் சார்ஜன்டைக் கூப்பிட்டாள். இரண்டு காலிலும் கட்டு. கையில் தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. பக்கத்தில் துறைமுகம். அவிழ்க்கச் சொன்னான் சார்ஜன்ட்.

பஸ் புறப்பட ஆயத்தமாக உறுமிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரியின் சோதனை அதற்குள் முடிந்து, அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டைக்காரி. ஒரு தடவை தப்பினால் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிடவேண்டும், அதை எல்லோரும் அறிவார்கள். அவள் ஏறவில்லை. திரும்பி நடந்து வந்தாள்.

பத்மாவதி குனிய முயன்று தடுமாறுவதைக் கண்டவள், நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். பத்மாவதியின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள்.

பத்மாவதிக்கு உடம்பு கூசியது. கணவனின் அக்கா. பத்து வயது மூத்தவள். கலியாணத்தன்று அவள் காலில் விழுந்து கும்பிட்ட பத்மாவதியின் கால் இப்போது அவள் மடியில், வீதிப் புழுதியில், பஸ் சனம் முழுக்கப் பார்க்க.

"மச்சாள், விடுங்கோ," என்றாள் மெதுவாக.

"நீர் என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்."

பஞ்சை எடுத்ததும் சிவந்து தடித்த புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. சார்ஜன்ட் குனிந்து பார்த்தான், கடிதத்தை வாசித்தான், போதும் என்றான். கால் விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் இவ்வளவு நேரம் நின்றதில் அவனுக்கு வேறு யோசனை வந்திருந்தது. பைகளைத் திறக்கச் சொன்னான்.

ஜெகதீஸ்வரியின் பையிலிருந்து இரண்டு தாள்கள் வந்தன. இரண்டும், வீட்டில் தங்கும் தமிழரின் பெயரைப் பொலிஸில் பதியும் படிவம். ஒன்று அவர்களுடைய வெள்ளவத்தை வீட்டுக்கானது. தில்லைநாதன், பத்மாவதி, ஜெகதீஸ்வரி என்று மூன்று பெயர். மற்றது கொட்டாஞ்சேனை முகவரி. புது முத்திரை. பத்மாவதி அதை இதற்கு முன் கண்டதில்லை. சார்ஜன்ட் விரலை வைத்து வாசிக்க, அவளும் மேலிருந்து வாசித்தாள். அடுத்த மாதம் முதலாந் திகதியிலிருந்து குடியிருக்க வருபவர்: ஜெகதீஸ்வரி. வயது ஐம்பத்தாறு. தொழில்: வீட்டு வேலை.

பத்மாவதி கடைசி வரியைத் திரும்பவும் வாசித்தாள்.

சார்ஜன்ட் கேட்டது சிங்களத்தில், அவளிடம். இந்த மனுஷி உனக்கு யார்? உறவா, வேலைக்காரியா? வேலைக்காரி என்றால் வீடு மாறுகிறாள், விளங்குகிறது. சொந்தக்காரி என்றால், வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்க, துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டில் வேலைக்காரி என்று ஏன் பதிய வேண்டும்? அப்படியென்றால் ஸ்டேஷனுக்குப் போய்த்தான் கதைக்க வேண்டும்.

ஸ்டேஷன் என்றால் என்னவென்று பத்மாவதிக்குத் தெரியும். யாழ்ப்பாண அடையாள அட்டையோடு போனவர்கள் அன்றே திரும்பியதுமுண்டு, மாதக்கணக்கில் திரும்பாததுமுண்டு.

கீழே ஜெகதீஸ்வரி பஞ்சை இடம் பார்த்து வைத்து, கிளினிக்கில் கண்டபடியே விரல்களிலிருந்து மேல்நோக்கி பண்டேஜைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. நரைத்த கொண்டை. வெளிறிய பருத்திச் சாறி. பார்க்கிறவனுக்கு வேறு சான்று தேவையில்லை.

"வெடகாரி," என்றாள் பத்மாவதி. "அப்பே கெதர வெடகாரி."

எங்கள் வீட்டு வேலைக்காரி.

சார்ஜன்ட் கீழே பார்த்தான். தாள்களை மடித்துப் பத்மாவதியிடமே கொடுத்தான். கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். சுற்றிக்கொண்டிருந்த கைகள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, நிலத்தில் கையூன்றி ஜெகதீஸ்வரி எழும்பினாள்.

அவர்களுடைய பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் பின் ஆசனம் கிடைத்தது. புறக்கோட்டை தாண்டியதும் பத்மாவதி தாள்களை நீட்ட, ஜெகதீஸ்வரி வாங்கிப் பையில் வைத்தாள்.

"எப்ப ஒழுங்கு செய்தனீங்கள், மச்சாள்?"

"போன மாசம். படுக்கையில கிடக்கிற ஒரு கிழவியைப் பாக்கவேணும். சிங்கள ஆக்கள், நல்ல சனம். காலமை நான் போனது இந்தத் தாளை எடுக்கத்தான்."

போன மாதம். அப்படியென்றால் சனிக்கிழமைச் சண்டை காரணமில்லை. காரணம் அதுவாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு மாற்றியிருக்கலாம் என்று பத்மாவதிக்குத் தோன்றியது.

"நாங்கள் ஆரும் உங்களைப் போகச் சொன்னமே?"

"ஒருத்தரும் சொல்லேல்லை." ஜெகதீஸ்வரி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள வந்தால் நீர் வெளிய போவீர். தம்பி எந்த நேரமும் பேப்பரோட. நான் பாத்திரம் கழுவினது உமக்குப் பிடிக்கேல்லை எண்டு தெரியும், பத்மா. வேற என்னத்தைச் செய்ய? இருபத்தேழு வருஷம் உழைச்ச கை. சும்மா இருந்து சாப்பிட்டால் சோறு இறங்குதில்லை."



கொஞ்சத் தூரம் போனபின் ஜெகதீஸ்வரியே தொடர்ந்தாள். "சனிக்கிழமை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. காலில்லாத பிள்ளையளை முகாமில கண்டனான், உண்மைதான். நீர் ஊசி போடாமல் விட்டால் அதுகளுக்குக் கால் முளைக்கப் போகுதோ? உமக்கு எரியுதெண்டால் எரியுதுதானே."

"எரிவுக்காக இல்லை," என்றாள் பத்மாவதி.

சொல்லிவிட்டாள். கல்கிசையையும் தடிமனையும் மணலில் கைப்பைகளோடு இருந்ததையும் முழுக்கச் சொன்னாள். கேலி வரும் என்று காத்திருந்தாள். ஜெகதீஸ்வரி கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தாள். அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

"கடலுக்கு ஆரையும் பிடிக்காமல் போகுமே," என்றாள். "கால் எப்பிடி இருந்தாலும் நனைக்கும்."

கொள்ளுப்பிட்டி போயிற்று. பம்பலப்பிட்டிக்கு முன்னால் பஸ் மெதுவாயிற்று.

"அந்த சார்ஜன்ட் என்னைப் பற்றித்தானே கேட்டவன். நீர் என்ன சொன்னனீர்?"

பத்மாவதி யோசிக்கவில்லை. "மச்சாள் எண்டு சொன்னனான்."

ஜெகதீஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை. கோபமும் படவில்லை.

"கொட்டாஞ்சேனை வீட்டு அம்மா, நான் போற நேரமெல்லாம், இவ ஆரெண்டு கேக்கிற எல்லாருக்கும் ஒரு சொல்லுத்தான் சொல்லுறவ. நான் சிங்களத்தில முதல் முதல் படிச்ச சொல்லே அதுதான், பத்மா." கொஞ்சம் நிறுத்தினாள். "நீர் சொன்னது சரி. சொல்லாமல் விட்டிருந்தால் இப்ப ஸ்டேஷனில இருப்பன். ஆனால் எனக்குப் பொய் சொல்லவேண்டாம்."

பத்மாவதி முகத்தைச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டாள். பஸ்ஸில் யாரும் கவனிக்கவில்லை. வெயிலுக்கு மூடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வெள்ளவத்தையில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவள் ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தாள். அந்த வீட்டுக்குப் போகவேண்டாம் என்று கேட்டாள். பதில் வரவில்லை. அப்படியென்றால் சார்ஜன்டிடம் தான் சொன்னதையாவது தில்லைநாதனிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டாள். கேட்டபிறகுதான், இரண்டாவதைக் கேட்ட குரலில்தான் கூடுதலான கெஞ்சல் இருந்தது என்று அவளுக்கே உறைத்தது. ஜெகதீஸ்வரிக்கும் அது கேட்டிருக்கும்.

தில்லைநாதன் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து காத்திருந்தார். பத்மாவதியைக் கதிரையில் இருத்தி, காலுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சனிக்கிழமைக்குச் சேர்த்து இன்று பரிவு காட்டுகிறார் என்று தெரிந்தது. நொந்ததா, டொக்டர் எப்படி, எவ்வளவு நாளில் மாறும் என்றெல்லாம் கேட்டார். பத்மாவதி ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னாள்.

"வழியில செக்கிங் கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

பத்மாவதி தன் கட்டுகளைப் பார்த்தாள். வலது காலில் ஜெகதீஸ்வரி போட்ட கட்டு, இடது காலில் டொக்டர் போட்ட கட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"ஒண்டும் இல்லை," என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் ஜெகதீஸ்வரி கைப்பையைத் திறந்து, நாலாக மடித்திருந்த கொட்டாஞ்சேனைத் தாளை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி நேராக்கினாள்.

"தம்பி," என்றாள். "உனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும்தானே. இதை வாசி. வாசிச்சிட்டு, இந்த வீட்டில நான் ஆரெண்டு நீ சொல்லு."

தில்லைநாதன் ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.